திருநங்கையர், திருநம்பியர்: மருத்துவம் ஏன் தேவை?

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துத் தைராக்சின் மாத்திரை எழுதித் தருகிறார். சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்து அளவைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார். தைராக்சின் ஒரு ஹார்மோன். அதை மனம்போன அளவில் விழுங்குவது தீங்கு என்பதை எவரும் ஒப்புக்கொள்வர்.

அதே ஊரில் வாழும் திருநங்கை ஒருவருக்கும் ஹார்மோன் தேவைப்படலாம். ஆனால், நம் நாட்டில் திருநங்கையர் பலர் கடையில் கருத்தடை மாத்திரைகளை வாங்கி, தோழியர் சொன்ன கணக்கில் உண்டு வந்திருக்கிறார்கள். இரத்தச் சோதனை இல்லை, மருத்துவரும் இல்லை. இந்த வேறுபாடு ஏன்?

பிறந்தபோது ஆண் என்று குறிக்கப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று குறிக்கப்பட்டு, தம்மை ஆணாக உணர்பவர் திருநம்பி. இது மனநோய் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், மனநோய்ப் பகுதியிலிருந்து இதை நீக்கிவிட்டது. எனினும் உடல் ஒன்றாகவும் உணர்வு வேறாகவும் இருப்பது பலருக்குத் தீராத வேதனை தருகிறது. அதைத் தணிப்பதே இம்மருத்துவத்தின் நோக்கம். எல்லாரும் இதை நாடுவதில்லை. நாடுவோர்க்கு அது கிடைக்க வேண்டும்.

ஹார்மோன் என்ன செய்கிறது?

ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டீரோன் ஆகிய இரண்டும் எல்லார் உடலிலும் உண்டு. அளவுதான் வேறுபடுகிறது. வயது வந்த திருநங்கைக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் சில மாதங்களில் மார்பு வளரத் தொடங்கும், தோல் மென்மையாகும். ஆனால் உடைந்த குரல் மாறாது. திருநம்பிக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தால் மாதவிலக்கு நின்று, மீசை அரும்பி, குரல் தடிக்கும். மருந்தை நிறுத்தினாலும் தடித்த குரல் திரும்பாது. ஆகவே தொடங்கும் முன்பே, எது மீளும், எது மீளாது, குழந்தைப் பேறு என்னவாகும் என்பனவற்றை மருத்துவர் விளக்கியாக வேண்டும்.

ஆபத்துகளும் உண்டு. கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடயால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுகிறது. அதனால்தான் மருத்துவர்கள் இயற்கை வகை ஈஸ்ட்ரடயாலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டெஸ்டோஸ்டீரோன் மிகுந்தால் சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடிக்கும். ஆண் ஹார்மோனை அடக்கத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன், இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும். இவற்றுள் சிவப்பணுப் பெருக்கமும் பொட்டாசிய உயர்வும் எளிய சோதனைகளால் தெரிந்துவிடும்.

மருத்துவர் இல்லாதபோது

மருத்துவமனை கதவடைத்த காலத்தில் திருநங்கையர் காத்திருக்கவில்லை. மூத்தவர் ஒருவர் கத்தியால் உறுப்பை நீக்கும் வழக்கம் அவர்களிடையே இருந்தது. மயக்க மருந்தின்றி நடந்த அச்செயலில் இரத்தப் பெருக்கால் இறந்தோர் உண்டு. பிழைத்தவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதை சுருங்கியது. விதைப்பைகளை இழந்த பின் ஹார்மோனும் கிடைக்காவிட்டால் எலும்புகள் வலுவிழக்கும். எனவே கேள்வி, உடலை மாற்றலாமா என்பது மட்டுமன்று. அது யார் கையில் நடக்கிறது என்பதுமாகும்.

தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அறுவை சிகிச்சைக்கும் வழி செய்தது. பின்னர் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் தனிச் சிகிச்சைப் பிரிவுகள் ஏற்பட்டன. பயன் உண்டா? 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 27 ஆய்வுகளில் இடம்பெற்ற 7,928 பேரைக் கணக்கிட்டது. அறுவைக்குப் பின் வருந்தியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே.

ஆவுடையார்கோவிலிலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். அறுவைக்கு ஒருமுறை அங்கே போகலாம். ஆனால் ஹார்மோன் மருத்துவம் பல்லாண்டுத் தொடர்ச்சி. முதல் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு ஒருமுறை சோதனை வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கவும் சிவப்பணு, பொட்டாசியம் அளக்கவும் பெருநகரம் தேவையில்லை. தைராய்டு நோயாளியை உட்கார வைத்துப் பெயர் கேட்கும் அதே மரியாதையுடன், அருகிலுள்ள மருத்துவமனை திருநங்கையையும் திருநம்பியையும் அழைத்தால், பாதி மருத்துவம் அங்கேயே முடிந்துவிடும்.