குஞ்சு பிழைக்கத் தாய்க்குத் தீனி

முட்டையிலிருந்து வெளிவரும்போது பட்ஜெரிகர் குஞ்சின் எடை சுமார் 2 கிராம். உடலில் இறகில்லை, கண் திறக்கவில்லை, தலையைத் தூக்கவும் தெம்பில்லை. அதுவே ஒரு மாதத்தில் 30 கிராம் அளவுக்கு வளர்ந்து பறக்கத் தயாராகிவிடும். நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் இந்த ஆஸ்திரேலியச் சிறுகிளியின் குஞ்சுக்கு, வளரத் தேவையான சத்தெல்லாம் தாய் தகப்பனின் வாய் வழியாகத்தான் வருகிறது. குஞ்சைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அந்த இருவரைத்தான்.

பெண் பறவை ஒருநாள் விட்டு ஒருநாளாக 4 முதல் 6 முட்டைகள் இடும். முதல் முட்டைகளிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முட்டையும் பொரிய ஏறக்குறைய 18 நாள். இதனால் குஞ்சுகளும் ஒருநாள் விட்டு ஒருநாளாகவே வெளிவரும். மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் ஒரு வார இடைவெளிகூட இருக்கும். ஆண் இரை தின்று, அதைக் கக்கிப் பெண்ணுக்கு ஊட்டும். பெண் அதை மேலும் செரித்துக் கூழாக்கிக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும். தாய் சின்னக் குஞ்சை முதலில் கவனிப்பதையும், தகப்பன் அதிகமாகக் கத்தும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கடைசிக் குஞ்சு பிழைப்பது பெரும்பாலும் தாயின் கையில்தான்.

வெறும் தினையும் கம்பும் இந்த நாட்களுக்குப் போதாது. வேகவைத்த முட்டை, முளைகட்டிய பாசிப்பயறு, கீரை ஆகியவற்றைத் தினமும் சிறிதளவு கொடுக்கலாம். நம் வெயிலில் முட்டையும் முளைப்பயறும் சில மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதால் மீதியை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். முட்டை ஓடு உருவாகத் தாயின் எலும்பிலிருந்தும் சுண்ணாம்புச்சத்து போகிறது. அது குறைந்தால் முட்டை வெளிவராமல் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டால், தேவையான அளவு கொத்திக்கொள்ளும். பெண் உடலை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் முக்கியபடி உட்கார்ந்திருந்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

முட்டையிடுவதற்காகக் கூண்டில் கட்டியிருக்கும் பானையை எட்டிப் பார்ப்பது தினம் ஒருமுறை, தாய் வெளியே வந்த நேரத்தில் இருக்கட்டும். குஞ்சின் கழுத்தடியில் தீனிப்பை உப்பியிருந்தால் இரை கிடைக்கிறது என்று பொருள். வழவழப்பான பானைத் தரையில் கால் வழுக்கி, இரு பக்கமும் விரிந்தபடியே எலும்பு இறுகிவிடும். கரடுமுரடான மரத்தூள் பரப்பினால் இதைத் தவிர்க்கலாம். காலில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தே எடுக்க வேண்டும். பிய்த்தால் நகமும் கூட வரும். எறும்பு ஒரே இரவில் குஞ்சுகளைக் கொன்றுவிடும். கூண்டின் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைப்பது நல்ல காப்பு.

தாய் இறந்துவிட்டாலோ ஊட்ட மறுத்தாலோ, அதே வயதுக் குஞ்சுகள் உள்ள வேறொரு ஜோடியின் பானையில் சேர்ப்பதே சிறந்த வழி. பெரும்பாலும் அவை ஏற்றுக்கொள்ளும். கையால் ஊட்டுவதில் ஆபத்து அதிகம். கூழ் சூடாக இருந்தால் தீனிப்பை வெந்துவிடும், ஆறிப்போனால் செரிக்காது, அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஐந்தாவது வாரத்தில் குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வரும். அதன்பிறகும் தகப்பன் சில நாட்கள் ஊட்டும். அதற்குள் தாய் அடுத்த முட்டைகளுக்குத் தயாராகி, மூத்த குஞ்சுகளைக் கொத்தத் தொடங்கலாம். அவை தாமாகத் தானியம் உரித்துத் தின்னத் தொடங்கியதும் வேறு கூண்டுக்கு மாற்றுங்கள்.

ஆஸ்திரேலிய வறள்நிலத்தில் மழை பெய்து புல் விதை பெருகும்போது இனப்பெருக்கம் செய்து, வறட்சியில் நிறுத்திக்கொள்ளும் பறவை இது. கூண்டிலோ தீனிக்குப் பஞ்சமே இல்லை. பானை இருக்கும்வரை முட்டையிட்டுக்கொண்டே போய்த் தாய் தேய்ந்துவிடும். இரண்டு ஈடு குஞ்சு எடுத்ததும் பானையைக் கழற்றி, சில மாதங்களாவது ஓய்வு கொடுங்கள்.