தார் படாத வெள்ளைச் சாலைகள்

சரளைச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்ட பழக்கம். ‘கிராவல் சைக்கிள்’ என்று ஒரு தனி வகையே கடைகளுக்கு வந்துவிட்டது. 2022 முதல் அதற்கென்று உலகச் சாம்பியன் போட்டியும் நடக்கிறது. அது என்ன வண்டி, வீட்டில் இருக்கும் சைக்கிளில் போனால் ஆகாதா, எங்கே போய் ஓட்டுவது என்று பலரும் கேட்கிறார்கள். வண்டியிலிருந்து ஆரம்பித்தால் இதற்கு விளக்கம் சரியாக வராது. மண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு இத்தாலியில் டஸ்கனி மாநிலத்தின் சியெனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளைப் போல வாகான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அங்கே தார் போடாத சாலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிடக்கின்றன. வெயிலில் சுண்ணாம்பு கொட்டியது போல வெளுத்துத் தெரிவதால் ‘ஸ்ட்ராதே பியாங்கே’, வெள்ளைச் சாலைகள், என்கிறார்கள். அவற்றைப் போட்டது உழவுத் தொழில். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டஸ்கனியில் நிலம் வாரத்துக்கு விடப்பட்டிருந்தது. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு வாரக்குடியுடையது, விளைச்சல் பாதிக்குப் பாதி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குன்றின் மேல் கல்வீடு. அந்த வீட்டிலிருந்து மாவு மில்லுக்கும், கோவிலுக்கும், பண்ணையார் மாளிகைக்கும், பக்கத்து வீட்டுக்கும் போக உள்ளூர்க் கல்லை உடைத்துப் பரப்பிய வண்டிப்பாதைகள்தான் இவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வாரமுறை உடைந்தது. இளைஞர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பெரிய சாலைகளுக்குத் தார் வந்தது. ஆள் குறைந்துபோன கிளைப் பாதைகளுக்குச் செலவு செய்ய அவசரம் யாருக்கும் இல்லை. அப்படியே தங்கிவிட்டன.

வெள்ளை என்று பொதுவாகச் சொன்னாலும் வடக்கும் தெற்கும் வேறு வேறு மண். சியெனாவுக்கு வடக்கே கியாந்தி மலைப்பகுதியில் சுண்ணாம்புக்கல்லும், தட்டினால் ஏடு ஏடாக உதிரும் களிக்கல்லும். சாலையில் கூர்மையான சில்லுகள் நிறையக் கிடக்கும். மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். தெற்கே கிரேதே செனேசி என்னும் பகுதி முற்றிலும் களிமண். சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அது கடலடி. இன்றும் அந்த மண்ணில் சிப்பி கிடைக்கிறது. காய்ந்திருந்தால் அதன் மேல் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும், பின்னால் புழுதி எழும். நனைந்துவிட்டால் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அடைத்து வண்டியையே நிறுத்திவிடும். 2010 மே மாதம் இத்தாலிச் சுற்றுப் பந்தயத்தின் ஒரு நாள் கட்டம் கொட்டும் மழையில் இந்தப் பக்கம் வந்து மொந்தால்சினோ ஊரில் முடிந்தது. அன்று வென்றவர் ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ். உலகச் சாம்பியனுக்குரிய வானவில் பட்டை போட்ட வெள்ளைச் சட்டையைத்தான் அணிந்திருந்தார். முடிவுக்கோட்டில் அந்தப் பட்டைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இந்தச் சாலைகள் இன்று பலருக்கும் தெரிந்திருப்பதற்குக் காரணம் கயோலே என்ற சின்ன ஊர். 1997-ல் அந்தப் பகுதிக்காரரான ஜியான்கார்லோ புரோச்சி, ‘லெரோய்கா’ என்ற பெயரில் ஒரு சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். நோக்கம் இரண்டு: பழைய காலத்துச் சைக்கிள் பந்தயத்தின் உழைப்பையும் எளிமையையும் நினைவில் வைப்பது, வெள்ளைச் சாலைகள் தாருக்கு அடியில் போய்விடாமல் காப்பது. ஆண்டுதோறும் அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் இந்த ஓட்டத்துக்கு 1987-க்கு முன்னால் செய்த வண்டிதான் வர வேண்டும். கியர் மாற்றும் பிடி ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பி ஹேண்டில்பாருக்கு மேலே வெளியில் தெரிய வேண்டும். பெடலில் கால்வாரும் கொக்கியும் வேண்டும். மிக நீண்ட பாதை 209 கிலோமீட்டர். வழியில் இளைப்பாறும் இடங்களில் ரொட்டியும் காய்கறியும் பயறும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டியான சூப்பும் திராட்சை மதுவும் கிடைக்கும். அதே பாதைக்கு நிரந்தரப் பெயர்ப்பலகைகள் நட்டிருப்பதால் யாரும் எந்த நாளிலும் சொந்தமாக ஓட்டிப் பார்க்கலாம். ஒரு சாலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்கு ஆள் வர வேண்டும் என்று கணக்குப் போட்டார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதிலிருந்து கிளைத்ததுதான் தொழில்முறை வீரர்களுக்கான ‘ஸ்ட்ராதே பியாங்கே’ பந்தயம். 2007-ல் தொடங்கியது, 2015 முதல் பெண்களுக்கும் நடக்கிறது. சியெனாவின் கல் பாவிய சந்துகளில் செங்குத்தாக ஏறி, சிப்பி வடிவத்தில் விரிந்திருக்கும் காம்போ சதுக்கத்தில் முடியும். அஷானோ ஊருக்குப் பக்கத்தில் உள்ள மோந்தே சாந்தே மரியே என்ற பதினொன்றரைக் கிலோமீட்டர் சரளைத் துண்டுதான் அதன் உயிர்நாடி. 2008, 2012, 2016 என மூன்று முறை வென்ற சுவிட்சர்லாந்து வீரர் ஃபேபியன் கான்செல்லாராவின் பெயரை அந்தத் துண்டுக்கு வைத்திருக்கிறார்கள். 2024-ல் ஸ்லோவேனியாவின் தாதே பொகாச்சர் அங்கேதான் கூட்டத்தை விட்டுப் பிரிந்தார். மீதி 81 கிலோமீட்டரையும் தனியாக ஓட்டி வென்றார்.

இனி வண்டிக்கு வருவோம். பந்தயத்துக்கு வரும் வீரர்கள் சாலைச் சைக்கிளிலேயே ஓட்டுகிறார்கள். கால்பலம் அப்படி, பின்னால் உதவி வண்டியும் வரும். நமக்கு இரண்டும் கிடையாது. அதனால்தான் கிராவல் சைக்கிள். பார்க்கச் சாலைச் சைக்கிள் மாதிரியே வளைந்த ஹேண்டில்பாரோடு இருக்கும். வித்தியாசம் டயரில். சாலைச் சைக்கிளில் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம் என்றால், இதில் 38 முதல் 45 வரை. அந்த டயர் நுழைய இடம் வேண்டும், சேறு அடைக்காமல் இருக்க அதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். அதனால் ஃபிரேம் அகலமாகிறது. இரு சக்கரத்துக்கும் இடையே தூரம் கூடுகிறது, வண்டி நிதானமாகத் திரும்புகிறது. சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்குக்குப் பதிலாக டிஸ்க் பிரேக். ஈரத்திலும் சேற்றிலும் அது கைவிடாது.

டயரின் அகலத்தைவிட அதில் எவ்வளவு காற்று என்பதுதான் பெரிய விஷயம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கல்லாக அடித்தால் வேகமாக ஓடும் என்று தோன்றும். வழுவழுப்பான தாரில் அது ஓரளவு உண்மை. சரளையில் நடப்பது வேறு. கெட்டியான டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி இறங்கும்போது வண்டியோடு ஆளையும் தூக்கிப் போடுகிறது. பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து பள்ளம் மேடான ரோட்டில் போவது போலத்தான். ஒவ்வொரு முறை உடம்பைத் தூக்கவும் செலவாகும் சக்தி, முன்னே போக வேண்டிய சக்தியிலிருந்து எடுத்தது. அது நம் தசையிலும் மூட்டிலும் வீணாகிறது. காற்றைக் குறைத்தால் டயர் கல்லைச் சுற்றி அமுங்கிக் கொடுக்கிறது. சக்கரம் மேலே எழாமல் முன்னே போகிறது. தரையோடு ஒட்டும் பரப்பும் கூடுவதால் வழுக்கல் குறைகிறது. எழுபது கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் 30 முதல் 40 பி.எஸ்.ஐ. வைத்து ஆரம்பிக்கலாம். முன்சக்கரத்தில் எடை குறைவு, எனவே அங்கே இரண்டு மூன்று புள்ளி குறைத்துக்கொள்ளலாம்.

அப்படிக் குறைத்தால் ஓர் ஆபத்து உண்டு. கூர்மையான கல்லில் மோதும்போது டயர் விளிம்பு வரை நசுங்கி, உள்ளே இருக்கும் டியூப் நடுவில் சிக்கி இரண்டு இடத்தில் ஓட்டையாகும். இதற்காகத்தான் டியூப் இல்லாத டயர் வந்தது. உள்ளே ரப்பர்ப் பால் கலந்த ஒரு திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். முள்ளோ சில்லோ குத்தினால் வெளியேறும் காற்றோடு அதுவும் வந்து ஓட்டையில் உறைந்து அடைத்துவிடும். சிறிய ஓட்டைகளில் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. அந்தத் திரவம் சில மாதத்தில் காய்ந்துவிடும், புதிதாக ஊற்ற வேண்டும். பெரிய கிழிசலுக்கு அது போதாது, பையில் ஒரு டியூபும் பம்பும் கட்டாயம். என் கருத்தைக் கேட்டால், விலை உயர்ந்த ஃபிரேம் வாங்கும் பணத்தில் பாதியை நல்ல டயருக்குச் செலவிடுங்கள் என்பேன்.

கியர் பற்றிச் சுருக்கமாக. சாந்தே மரியேவில் சில ஏற்றங்கள் பத்து சதவீதத்துக்கு மேல். தாரில் எழுந்து நின்று மிதித்து ஏறிவிடலாம். சரளையில் எழுந்தால் பின்சக்கரத்தின் எடை குறைந்து சும்மா சுழலும். உட்கார்ந்தபடியே ஏற வேண்டும். எனவே முன்பல்சக்கரத்தில் இருக்கும் பற்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் பின்னே பெரிய பல்சக்கரம் வேண்டும். முன்னே 40, பின்னே 42 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி இரண்டு மீட்டர் சொச்சம் நகரும். அந்தக் கியரில் எந்தக் குன்றும் ஏறலாம்.

இறக்கம்தான் பயிற்சி தேவைப்படும் இடம். சரளைச் சாலையில் குறுக்கே அலை அலையாக மேடு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு சின்ன மேட்டில் சக்கரம் துள்ளுகிறது. விழுந்த இடத்தில் மண்ணைத் தோண்டி முன்னே தள்ளுகிறது. அடுத்த வண்டி அதே இடத்தில் துள்ளி அதே இடத்தில் விழுகிறது. இப்படியே அலை வளர்கிறது. வண்டிகள் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓடினால்தான் இது உண்டாகும். கார்கள் பிரேக் போடும் வளைவுக்கு முன்னும், முடுக்கும் ஏற்றத்திலும் அதிகம். அங்கே சாலையின் ஓரத்தில் அலை படாத ஒரு சாண் அகலம் பெரும்பாலும் கிடைக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்கையை மடக்கி, பின்னால் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் வண்டி தானே வழி கண்டுபிடிக்கும். பிரேக் வளைவுக்கு முன்பே போட்டு முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் போட்டால், உதிரிக் கல்லின் மேல் முன்சக்கரம் நழுவிவிடும். பார்வை முன்சக்கரத்தில் நிற்கக் கூடாது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, கார்ச் சக்கரங்கள் அழுத்தி வைத்த தடத்தில் இருக்க வேண்டும்.

சியெனாவிலிருந்து தெற்கே போகும் பாதையை நான் விரும்பிச் சொல்வேன், ஏனென்றால் வயல், மலை, கடல் மூன்றும் அடுத்தடுத்து வரும். முதல் நாள் களிமண் நாடு: மரமே இல்லாத கோதுமைக் குன்றுகள், ஏப்ரலில் பச்சை, ஜூலையில் பொன்னிறம், உழுத பிறகு சாம்பல். மொந்தால்சினோவைத் தாண்டினால் ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு, 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கு மேலே தனியாக நிற்பது அமியாத்தா, 1,738 மீட்டர் உயரமுள்ள அணைந்த எரிமலை. கீழே கஷ்கொட்டை மரங்கள், மேலே பீச் காடு. மண் கறுத்து மென்மையாகிவிடும். பாதரசச் சுரங்கங்கள் இருந்த மலை இது. அந்தத் தொழில் கடந்த நூற்றாண்டிலேயே முடிந்துபோனது. மலையின் மறுபக்கம் இறங்கினால் மரேம்மா. ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பெயர் போன சதுப்புநிலம், வடிகால் வெட்டி விளைநிலமாக்கப்பட்டது. நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற மாடுகளைக் குதிரையில் வந்து மேய்ப்பவர்கள் இன்னும் உண்டு. கடலோரத்தின் ஒரு பகுதி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. பைன் காட்டுக்குள் மண் பாதை மணலாக மாறும்போது டயர் புதையத் தொடங்கும், இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் நல்ல காலம். ஜூலை ஆகஸ்டில் களிமண் குன்றுகளில் நிழலே கிடையாது, அடுத்த தண்ணீர்க் குழாய் இருபது கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். இரண்டு பாட்டில் போதாது, மூன்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவு பலத்த மழை பெய்திருந்தால் கிரேதே பக்கம் போகாமல் கியாந்திக் கற்சாலைக்குத் திரும்பிவிடுங்கள். ஆட்டு மந்தை தெரிந்தால் வேகம் குறையுங்கள். காவலுக்கு இருக்கும் பெரிய வெள்ளை நாய்கள் ஓடும் சைக்கிளைத் துரத்தும். இறங்கி, வண்டியை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். குரோசெத்தோ நகரில் ரயில் நிலையம் இருக்கிறது. சைக்கிள் படம் போட்ட வட்டார ரயில்களில் வண்டிக்குத் தனிச் சீட்டு வாங்கி ஏற்றிக்கொண்டு சியெனாவுக்குத் திரும்பிவிடலாம்.