மின்விசிறிக்கு "ஸ்டார்" உண்டு, வீட்டுக்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீடு தேடுகிறவர்கள் கேட்பது மூன்றே கேள்வி. "வாடகை எவ்வளவு? அட்வான்ஸ் எவ்வளவு? தண்ணி வருமா?"

நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. "கரண்டு பில் எவ்வளவு வரும்?"

வேலூர் வெயில் ஊரறிந்தது. சிமெண்டு ஷீட் போட்ட வீடென்றால் கேட்கவே வேண்டாம், அடுப்புதான்! ஷூ கம்பெனியில் உழைத்துவிட்டு வந்தவர் ராத்திரி முழுக்க மின்விசிறியை ஓடவிட வேண்டும். கூரை போட்டவர் வீட்டுக்காரர். பில் கட்டுகிறவர் குடித்தனக்காரர்!

இங்கிலாந்தில் கதையே வேறு. வீட்டை விற்றாலும் சரி, வாடகைக்கு விட்டாலும் சரி, அந்த வீடு எவ்வளவு மின்சாரம், எரிபொருள் இழுக்கும் என்று "சர்டிபிகேட்" காட்ட வேண்டும். "ஏ" முதல் "ஜி" வரை மார்க். 2018 ஏப்ரல் முதல், "ஈ"க்குக் கீழே மார்க் வாங்கிய வீட்டை, சில விலக்குகள் தவிர, புதிதாக வாடகைக்கு விட முடியாது.

நம் நாட்டில் 2023 முதல் சீலிங் மின்விசிறிக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம். வீடுகளுக்காக 2018-ல் "எக்கோ நிவாஸ் சம்ஹிதா" என்ற விதிமுறை வந்தது. ஆனால் அது புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு. பழைய வீட்டுக்காரரிடம் யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை.

அட்வான்ஸ் கொடுக்குமுன் சித்திரை வெயிலில் வந்த பழைய பில்லைக் கேளுங்கள். பகல் 2 மணிக்குப் போய், கூரைக்குக் கீழே 10 நிமிடம் நின்று பாருங்கள். இப்போதைக்கு அதுதான் நம்ம ஊர் சர்டிபிகேட்!