டிரெய்லரையும் குனிந்து பாருங்கள்

மாட்டுவண்டிக் காலத்தில், கடையாணியைத் தொட்டுப் பாராமலும் அச்சுக்கு மையிடாமலும் நம் குடியானவர் வண்டி பூட்டியதில்லை. டிராக்டர் வந்தபின் அக்கவனம் முழுவதும் எஞ்சினுக்கே போய்விட்டது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் தனியே பதிவு செய்யவேண்டிய வாகனமாகக் கொள்கிறது; நாமோ அதனை வெறும் பெட்டியாகக் கருதுகிறோம்.

காரைக்குடிப் பக்கத்துச் சங்கம் ஒன்றை அறுவடைக்கு முன் ஆய்வு செய்தேன். இருப்புப் பதிவேட்டில் டிரெய்லர் ‘நல்ல நிலை’ என்றிருந்தது. கொட்டகையில் பார்த்தால், டிராக்டரோடு அதனைப் பிணைக்கும் ஆணி நடுவில் பாதியாகத் தேய்ந்திருந்தது. ஆணி கழலாதிருக்க மாட்டும் கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி! அங்கத்தினர்களின் நெல்மூட்டைகளும், அவற்றின்மேல் ஆட்களும், கண்மாய்க்கரைச் சரிவில் இந்த ஆணியை நம்பியன்றோ செல்கின்றனர்? (மூட்டைமேல் ஆள் ஏற்றுவதே தவறு என்பது வேறு விஷயம்.)

சக்கரத்தைச் சோதிப்பது எளிது. வண்டி உருளாதபடி மறுபக்கச் சக்கரத்திற்குக் கல் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஓடி வந்தவுடன் குடத்தருகே புறங்கையைக் கொண்டுசெல்லுங்கள். கொதித்தால் கிரீஸ் வற்றியிருக்கலாம், பேரிங் மிகையாக இறுகியுமிருக்கலாம். கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகளைச் சிறிது தூரம் ஓடியபின் மறுபடி முடுக்கவேண்டும். பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான்களைத் துடைத்து வைப்பதற்குச் செலவேதுமில்லை.

அச்சங்கத்தில் ஆணியை அன்றே மாற்றச் செய்து, தேதியைப் பதிவேட்டில் எழுதிய பின்னரே கையொப்பமிட்டேன்.