முத்துக் கடலுக்கு அடியில் ஓடிய கண்ணாடி இழை... உங்க வீட்டு நெட்டுக்கு எந்த கேபிள் சரி?

தூத்துக்குடி கடலில் முத்துக்குளிக்க இறங்கினவங்களுக்குக் கயிறுதான் உயிர். மூச்சு முட்டினா கயிற்றைச் சுண்டுவாங்க. வள்ளத்தில் நிற்பவர் மேலே இழுத்துடுவார். கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதே கடலுக்கு அடியில் 2006-ல் வேறொரு 'கயிறு' பயன்பாட்டுக்கு வந்தது. அதுதான் 'பாரத் லங்கா' கேபிள். பி.எஸ்.என்.எல்-லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய கல்கிசை வரை சுமார் 320 கி.மீ நீளத்துக்குப் போட்டது.

அதுக்குள்ளே தகவலைக் கொண்டுபோனது செம்பு இல்லை, கண்ணாடி இழை. ஏன் தெரியுமா? வீட்டு கேபிள்களைப் பார்த்தாலே புரியும்.

ஈத்தர்நெட் கேபிள்: மோடத்தையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது. உள்ளே எட்டு செம்புக் கம்பிகள், நாலு ஜோடியா முறுக்கியிருக்கும். பக்கத்துக் கம்பியின் மின் இரைச்சலைக் குறைக்கத்தான் இந்த முறுக்கு. ஆனா, 100 மீட்டர்தான் இதன் எல்லை. அதைத் தாண்டினா சிக்னல் தேய்ஞ்சுடும்.

கோஆக்சியல்: பழைய கேபிள் டி.வி வயர். நடுவில் ஒரே செம்புக் கம்பி, சுற்றிலும் உலோக வலை. வெளி இரைச்சலை அந்த வலை தடுக்கும்.

ஃபைபர்: தலைமுடி அளவுக் கண்ணாடி இழையில் ஒளி ஓடும். நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ வேகம்! கல்கிசைக்குப் போய்ச்சேர ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குகூட ஆகாது. மின்சாரம் ஓடாததால் மின் இரைச்சலும் அண்டாது. கடலுக்கு அடியில் இதற்குப் பெரிய எதிரி கப்பல் நங்கூரமும் மீன்பிடி வலையும்தான். அதனால்தான் கரையோரக் கடலில் போடும் கேபிள்களுக்கு இரும்புக் கம்பிக் கவசம் போடுறாங்க.

சரி, உப்புக்காற்று வீசுற ஊர்ல வீட்டுக்கு எதை வாங்கலாம்?

* தெருவிலிருந்து வீடு வரை ஃபைபர் நல்லது. கண்ணாடி துருப்பிடிக்காது. ஆனா அதை மடக்கி ஆணி அடிக்காதீங்க. வளைவில் ஒளி கசிஞ்சுடும்.
* வீட்டுக்குள்ளே 'கேட் 6' போதும். விலை ரொம்பக் குறைவுன்னா உஷார்! அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசின கம்பியா இருக்கலாம். முனையில் பூச்சு உரிஞ்சா, உப்பு ஈரம் பட்டு சீக்கிரமே அரிச்சுடும். 'முழு செம்பு'ன்னு அச்சிட்டிருக்கான்னு பாருங்க.
* மாடிக்கு வெளியே கொண்டுபோனா, வெயில் தாங்குற 'அவுட்டோர்' கேபிளாவே கேளுங்க.

அடுத்த தடவை நெட் படுத்துடுச்சா? கம்பெனிக்கு போன் போடுறதுக்கு முன்னாடி, வயர் முனையில பச்சை பூத்திருக்கான்னு ஒரு பார்வை பாருங்க!