ஏரிக்கரையில் ஓர் ஓடுதளம் – 7: வெறுங்கடலைக் குறிபார்த்தவர்கள்

யுத்த காலத்தில் சோழவரத்து வயல்வெளிகளுக்கு நடுவே விமான ஓடுதளம் எழுந்த வரலாறு, இத்தொடரை விடாமல் படித்து வருபவர்களுக்கு நினைவிருக்கும். அதை மறுபடி விஸ்தரிக்க இடமில்லை. இந்த வாரம் அத்தளத்தில் பின்னாளில் நடந்த மோட்டார் பந்தயங்களைச் சொல்வதாக இருந்தேன். ஆனால் டார்பீடோவின் மரவால் ஒன்று சில நாட்களாக என் சிந்தனையை முழுவதும் ஆக்கிரமித்துக்கொண்டது.

1942 ஏப்ரலில் கொழும்பும் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானியக் குண்டுகளுக்கு இரையாகி, பீதியால் சென்னை மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய காலத்துக்குப் பின், வங்கக் கடலில் எதிரிக் கப்பல்கள் மறுபடி தலைகாட்டினால் தாக்குவதற்கென்று, 1944 கோடையில் பிரிட்டிஷ் விமானப்படையின் 27ஆம், 47ஆம் ஸ்குவாட்ரன்கள் சோழவரத்தில் ஒருங்கே பயிற்சி பெற்றன. முன்னது பர்மாவின் ரயில்களையும் ஆற்றுப் படகுகளையும் தாக்கிப் பழகியது; பின்னது மத்தியதரைக் கடலில் கப்பல் வேட்டையாடி வந்தது. இரண்டுக்கும் வாகனம் பியூஃபைட்டர். அதில் இருவர்தான்: மூக்கருகே விமானி, நடு முதுகில் கண்ணாடிக் குமிழின் கீழ் நாவிகேட்டர், ஒருவர் முகத்தை மற்றவர் காணாமல், காதுக்கருவியில் வரும் குரலையே நம்பிப் பறக்கவேண்டும்.

சிலர் பீரங்கிகளால் சுட்டுக் கப்பலின் எதிர்ப்பை அடக்க, அந்த நேரத்தில் மற்றவர்கள் டார்பீடோவை விடுவிப்பது ஏற்பாடு. சொல்வது சுலபம். அலைகளுக்குச் சிறிது உயரத்தில், வேகத்தையும் திசையையும் சற்றும் மாற்றாமல் பறந்து வந்தாலன்றி அந்த ஆயுதம் நீரில் மோதிக் கெட்டுவிடும். ஆகவே அதன் பின்புறத்தில் மரத்தாலான ஒரு வாலைப் பூட்டினார்கள். ஆகாயத்தில் விழும் சில விநாடிகளுக்கு டார்பீடோ தலைகுப்புறக் கவிழாமலும் பக்கவாட்டில் உருளாமலும் காத்துவிட்டு, நீரைத் தொட்ட கணத்திலேயே அவ்வால் உடைந்து கழன்றுவிடும்! உடைவதையே கடமையாகக் கொண்டு, அதற்கென்றே அத்தனை நுட்பமாகச் செய்யப்பட்ட வேறொரு பொருளை நான் அறியேன்.

அதற்குப் பிறகுதான் கணக்கு. ஆயிரம் கெஜத் தூரத்திலிருந்து விடப்பட்டு 40 நாட் வேகத்தில் நீருக்குள் ஓடும் டார்பீடோ இலக்கை எட்ட ஏறத்தாழ முக்கால் நிமிஷம் பிடிக்கும். அதற்குள் 12 நாட் வேகக் கப்பல் சுமார் 900 அடி நகர்ந்துவிடும். எனவே கப்பலைக் குறிபார்த்தவன் தவறினான். கப்பல் இனி வரப்போகும் வெறுங்கடலைக் குறிபார்த்தவனே வென்றான். கண் முன்னே தெரியும் இலக்கை விடுத்து வேறிடத்தை நம்பும் மனப்பக்குவம், பலமுறை செய்து செய்துதான் கைவரும். அந்த அப்பியாசத்தின் அருமையை யுத்த சரித்திரங்கள் போதிய அளவு போற்றவில்லை என்பது என் ஆதங்கம்.

இத்தனை பிரயாசைக்குப் பிறகும், அவர்கள் காத்திருந்த பெரிய கப்பல் அணிகள் வங்கக் கடலில் வரவில்லை. அக்டோபரில் 47ஆம் ஸ்குவாட்ரன், மரத்தாலான மஸ்கிட்டோ விமானங்களைப் பழக பெங்களூரை அடுத்த எலஹங்காவுக்குச் சென்றது. 27ஆம் ஸ்குவாட்ரன் அகர்தலாவுக்குத் திரும்பியது.

அந்த மஸ்கிட்டோக்கள் நம் தேசத்துச் சீதோஷ்ணத்தில் பட்ட பாட்டையும், 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்து ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கிய கதையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.