கண்ணில் தொடங்கி உயிரில் முடிந்த ஆய்வு

பொழுது சாய்ந்ததும் பார்வை மங்கித் தடுமாறும் குழந்தைக்கு மாலைக்கண் நோய் என்பதும், அது வைட்டமின் ஏ குறைபாட்டால் வருவது என்பதும் மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தவையே. ஆயினும் அக்குறைபாடு கண்ணை மட்டுமே கெடுக்கும் என்ற எண்ணத்தை மாற்றியது, 1970களின் பிற்பகுதியில் இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் நடந்த கள ஆய்வாகும். அங்குத் திரட்டிய தரவுகளை மீண்டும் ஆராய்ந்த அமெரிக்கக் கண் மருத்துவர் ஆல்ஃபிரட் சாமர், மாலைக்கண் போன்ற லேசான அறிகுறிகள் உடைய குழந்தைகள், அவை இல்லாதவர்களைவிடச் சராசரியாக நான்கு மடங்கு மிகுதியாக இறந்திருந்ததைக் கண்டார். மூச்சுக்குழலுக்கும் குடலுக்கும் உள்ளுறையாக அமைந்த மேலணித் திசு நலமாக இருக்கவும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றாமல் இருக்கவும் இந்த வைட்டமின் தேவைப்படுவதால், அது குறைந்த உடலில் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றிவிடுகின்றன.

அடுத்து சாமர் குழுவினர் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தின் 450 கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஆறு மாத இடைவெளியில் இரு முறை பெருமளவு வைட்டமின் ஏ கொடுத்தபோது, அதைப் பெறாத கிராமங்களில் குழந்தை இறப்பு 49 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 1986இல் வெளியான இம்முடிவைப் பலர் நம்பவில்லை. ஒப்பீட்டுப் பிரிவுக்குப் போலி மருந்தும் தரப்படாததால் அவர்களது ஐயம் நியாயமானதே.

அந்த ஐயத்துக்கு விடை தேடியவற்றுள் ஒன்று தமிழகத்தில் நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளுக்கு வாரந்தோறும் வீடு தேடிச் சென்று சொட்டு மருந்து ஊட்டினர். ஒரு பிரிவின் மருந்தில் வைட்டமின் ஏ இருந்தது, மற்றதில் அது இல்லை, எது எவருக்கு என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியாது. 1990இல் வெளியான முடிவின்படி, வைட்டமின் ஏ பெற்றவர்களிடையே இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அவர்கள் கொடுத்தது பெரிய அளவன்று. அன்றாட உணவிலேயே கிடைக்கக்கூடிய அளவுதான் என்பதே இந்த ஆய்வின் தனிச்சிறப்பு, அது இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. கீரையும் பப்பாளியும் பாலும் முட்டையும் குழந்தையின் தட்டுக்கு வருவது உயிர் காக்கும் செயல் என்பதற்கு இதைவிட வலுவான சான்று அரிது.

எல்லா ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை. அதே ஆண்டில் வெளியான ஹைதராபாத் ஆய்வு குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை; 2013இல் வெளியான, உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்த பேராய்விலும் பயன் மிகச் சிறிதாகவே தெரிந்தது. குறைபாடு கடுமையாக உள்ள இடத்தில் பெரும்பயன் தரும் மருந்து, உணவும் தட்டம்மைத் தடுப்பூசியும் பரவிய இடத்தில் அதே பயனைத் தராது என்பது ஏற்கத்தக்க விளக்கம். இந்தியாவில் ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இம்மருந்து தரப்படுகிறது. அதை எல்லோருக்கும் தொடர்வதா, இரத்தத்தில் குறைபாடு உறுதிப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் தருவதா என்பதை மாவட்டந்தோறும் அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.